கூடுமா, கூடாதா? கல்முனைக் கரையில் திரைப்படமும் மார்க்கப் பேச்சும்

திரைப்பட இரசிகர்கள் இணையத்தில் மதத்தைப் பேசும் விதத்தை ஆராயும் துறையில் ஊடகவியல், சமூகவியல், மொழியியல் மூன்றுக்கும் பங்குண்டு. படத்தைப் பார்த்தவர், பாதியில் எழுந்து வந்தவர், முன்னோட்டத்தை மட்டும் பார்த்தவர், பார்க்கவே மாட்டேன் என்பவர் என எல்லோரும் அந்தப் பேச்சில் கலந்திருக்கிறார்கள். யார் எதைப் பற்றி, எந்த உரிமையில், யாரை நோக்கிப் பேசுகிறார் என்று பிரித்தறிவதே ஆய்வாளரின் வேலை.

இலங்கையின் அம்பாறை மாவட்டக் கரையோர முஸ்லிம் ஊர்கள் இந்த வேலைக்குக் கடினமான களம். இங்குள்ள முஸ்லிம்களின் தாய்மொழி தமிழ். பார்ப்பது பெரும்பாலும் தமிழ்நாட்டுப் படங்கள். சென்னையிலும் கோலாலம்பூரிலும் துபாயிலும் இருக்கும் இரசிகர்கள் எழுதும் அதே யூடியூப், பேஸ்புக் பக்கங்களில்தான் இவர்களும் எழுதுகிறார்கள். ஆனால் ஒரே சொல் இவர்கள் கையில் வேறு பொருள் கொள்கிறது. அந்த வேறுபாட்டைக் காணாத ஆய்வு ஆயிரக்கணக்கான பின்னூட்டங்களை எண்ணினாலும் இந்தக் கரையின் பேச்சை எண்ணியதாகாது.

களம்

கல்முனைப் பகுதியில் வடக்கிலிருந்து தெற்காக மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் என ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. அதற்கும் தெற்கே ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, இன்னும் தொலைவில் பொத்துவில். சம்மாந்துறை சற்று உள்ளே, வயல்களின் ஓரத்தில் இருக்கிறது. பாண்டிருப்பும் காரைதீவும் தமிழ் இந்துக்களின் ஊர்கள். மற்றவற்றில் பெரும்பாலானவை முஸ்லிம் ஊர்கள், அல்லது இரு சமூகத்தவரும் அடுத்தடுத்து வாழும் ஊர்கள். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அம்பாறை மாவட்ட மக்களில் ஏறத்தாழ 43 வீதத்தினர் இலங்கைச் சோனகர், அதாவது இங்குள்ள முஸ்லிம்கள்.

அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 1969 முதல் அக்கரைப்பற்றில் களப்பணி செய்து, 2008 இல் கிழக்குக் கரைத் தமிழ், முஸ்லிம் சமூகங்களைப் பற்றிய விரிவான நூலை வெளியிட்டார். தாய்வழிக் குடி முறை, மகளுக்கு வீடு கொடுத்து மருமகனை அங்கே குடியேற்றும் வழக்கம் முதலியவை இரு சமூகத்துக்கும் பொதுவானவை என அவர் காட்டினார். கல்முனைக்குடியில் பிறந்த மொழியியலாளரும் திறனாய்வாளருமான எம்.ஏ. நுஃமான், இலங்கை முஸ்லிம்களின் இன அடையாளம் உருவான வரலாற்றை எழுதியிருக்கிறார். 1990களின் நடுவில் தோன்றி இன்று ஒலுவிலில் இயங்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இப்பகுதி இளைஞரின் உயர்கல்வி நிலையமாக இருக்கிறது. இணையத் திரைப்படப் பேச்சை ஆராய முற்படுபவர் இந்தப் பின்னணியிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் தெளிவாக வேண்டியது அடையாளச் சொற்கள். தமிழ்நாட்டில் ஒரு முஸ்லிம் தன்னைத் தமிழன் என்று சொல்வதில் முரண் எதுவும் இல்லை. அங்கு முஸ்லிம் என்பது மதம், தமிழன் என்பது இனம். இலங்கையில் முஸ்லிம் என்பதே ஓர் இனப்பெயர். தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதன் 1880களில் சோனகரை இஸ்லாத்தைத் தழுவிய தமிழர் என வாதிட்டதும், அதற்குச் சோனகர் தரப்பில் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907 இல் மறுப்பு எழுதியதும் இந்தப் பிரிவின் தொடக்ககால ஆவணங்கள். போர்க்காலம் அதை ஆழப்படுத்தியது. 1990 ஆகஸ்ட்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஆகவே ஒரு முன்னோட்டத்தின் கீழே ‘தமிழன்டா’ என்று ஒருவர் எழுதினால் மதுரைக்கார முஸ்லிம் இளைஞர் அதில் தன்னையும் சேர்த்துக்கொள்வார். சாய்ந்தமருது இளைஞர் அதைப் பக்கத்து ஊராரின் குரலாகக் கேட்கக்கூடும்.

மதமும் இங்கு ஒரே குரலில் பேசுவதில்லை. கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் சாகுல் ஹமீது வலியுல்லாஹ்வின் பெயரால் ஆண்டுதோறும் கொடியேற்றம் நடக்கிறது. அத்தகைய வழக்கங்களை பித்அத் (மார்க்கத்தில் இல்லாத புதுமை) என்று மறுக்கும் தவ்ஹீத் போக்கும் இதே ஊர்களில் உண்டு. திரைப்படப் பேச்சில் இந்த உள்விவாதமும் தலைகாட்டும். ஒரு படத்தில் தர்கா வந்தால், முஸ்லிம்களைக் காட்டிய விதம் சரியா என்பதோடு, காட்டியது மார்க்கம்தானா என்ற கேள்வியும் எழும்.

தேநீர்க் கடையிலிருந்து திரைக்கு

தமிழ்ப் படங்கள் மதப் பேச்சைக் கிளப்புவது புதிதல்ல. மணிரத்னத்தின் ரோஜா 1992 இலும் பம்பாய் 1995 இலும் வெளியாயின. பம்பாய் வெளியான ஆண்டிலேயே இயக்குநரின் வீட்டின்மீது குண்டு வீசப்பட்டது. அந்தப் படங்களை வாடகை வீடியோ நாடாவில் பார்த்த கிழக்குக் கரை மக்கள் தேநீர்க் கடையிலும் வாசிகசாலையிலும் வீட்டு முற்றத்திலும் அவற்றைப் பற்றிப் பேசியிருப்பார்கள். அந்தப் பேச்சு பதிவாகவில்லை. பத்திரிகைக் கட்டுரைகளும் அறிக்கைகளும் மட்டுமே ஆய்வாளர் கைக்குக் கிடைக்கின்றன.

2012 இன் பிற்பகுதியில் பேச்சு இணையத்துக்கு வந்ததும் நிலைமை மாறியது. முஹம்மது நபியை இழிவுபடுத்திய ‘இன்னொசன்ஸ் ஒப் முஸ்லிம்ஸ்’ என்ற படத்தின் முன்னோட்டம் யூடியூபில் பரவி, செப்டெம்பரில் பல நாடுகளில் ஆர்ப்பாட்டங்களைத் தூண்டியது. சென்னையில் அமெரிக்கத் துணைத் தூதரகம் தாக்கப்பட்டது. பாகிஸ்தான் யூடியூபையே 2016 ஜனவரி வரை முடக்கியது. 2012 நவம்பரில் துப்பாக்கி படம் வெளியானது. முஸ்லிம் அமைப்புகள் ஆட்சேபித்ததும் சில காட்சிகள் நீக்கப்பட்டன. 2013 ஜனவரியில் விஸ்வரூபம் வந்தது. தமிழ்நாட்டு அரசு அதற்கு 15 நாள் தடை விதித்தது. தனி நீதிபதி தடையை நிறுத்த, மறுநாளே இரு நீதிபதிகள் அமர்வு அதை மீட்டது. இறுதியில் இரு தரப்பும் பேசிச் சில இடங்களில் ஒலியை நீக்க உடன்பட்ட பின், பெப்ரவரி 7 அன்று படம் தமிழ்நாட்டில் திரைக்கு வந்தது. இலங்கையிலும் முஸ்லிம் அமைப்புகளின் எதிர்ப்பையடுத்து அந்த ஜனவரியில் திரையிடல் நிறுத்திவைக்கப்பட்டது.

விஸ்வரூபம் விவகாரத்தில் ஆய்வாளர் கவனிக்க வேண்டியது காலவரிசை. பெரும்பாலானோர் படத்தைப் பார்ப்பதற்கு முன்பே விவாதம் உச்சத்தை அடைந்துவிட்டது. எதிர்த்தவர்களில் சில அமைப்புத் தலைவர்களுக்கு மட்டும் படம் போட்டுக் காட்டப்பட்டிருந்தது. மற்றவர்கள் பேசியது முன்னோட்டத்தையும் பிறர் சொன்னதையும் வைத்துத்தான். எனவே ‘பார்வையாளர் கருத்து’ என்று சேகரிப்பதில் பெரும் பகுதி பார்வைக்கு முந்தைய கருத்து. ஒவ்வொரு பதிவின் திகதியையும் அந்த நாட்டில் படம் வெளியான திகதியோடு ஒப்பிடாமல் எந்த முடிவுக்கும் வர முடியாது.

2022 ஏப்ரல் 13 அன்று வெளியான, விஜய் நடித்த பீஸ்ட் இன்னொரு பாடம் தருகிறது. குவைத்தும் கட்டாரும் அதைத் திரையிட அனுமதிக்கவில்லை. பயங்கரவாதிகளை முஸ்லிம்களாகக் காட்டியது பற்றித் தமிழ்நாட்டில் ஆட்சேபம் எழுந்தது. அது றமழான் மாதம். எனவே கிழக்குக் கரையில் இரண்டு கேள்விகள் ஒன்றாக வந்து நின்றன: விஜய் படத்தில் நம்மை இப்படிக் காட்டலாமா என்பது ஒன்று, நோன்பு காலத்தில் படம் பார்ப்பதா என்பது மற்றொன்று. அதே வாரங்களில் இலங்கை பொருளாதார நெருக்கடியில் மூழ்கியிருந்தது. மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு, ஏப்ரல் 3 அன்று சமூக ஊடகங்களுக்குத் தடை. அந்தக் காலத்து இலங்கைப் பின்னூட்டங்கள் குறைவாக இருப்பதைக் கண்டு ‘அக்கறையில்லை’ என்று முடிவு கட்டுபவர் கரண்ட் இல்லாத இரவுகளை மறந்துவிடுகிறார்.

முஸ்லிம்களை எதிர்மறையாகக் காட்டும் படங்கள் மட்டுமே பேச்சைக் கிளப்புவதில்லை. மஜீத் மஜீதியின் முஹம்மது நபி பற்றிய ஈரானியப் படத்துக்கு இசையமைத்ததற்காக 2015 இல் மும்பை அமைப்பொன்று ஏ.ஆர். ரஹ்மானுக்கு எதிராக பத்வா வெளியிட்டது. தாம் மார்க்க அறிஞர் அல்லர் என்றும் நடுப்பாதையில் நடப்பவர் என்றும் அவர் பேஸ்புக்கில் பதில் எழுதினார். 2020 இல் வந்த ‘ஹலால் லவ் ஸ்டோரி’ என்ற மலையாளப் படத்தில், மார்க்க வரம்புக்குள் நின்று படம் எடுக்க முயலும் குழுவின் சங்கடங்களே கதை. 2021 இல் வெளியான மாநாடு படத்தின் நாயகன் அப்துல் காலிக் என்ற முஸ்லிம் இளைஞன். ஆட்சேபத்தைக் கிளப்பிய படங்களை மட்டும் மாதிரியாக எடுத்தால் முஸ்லிம் பார்வையாளர் எப்போதும் கோபத்திலேயே இருப்பவர் என்ற தோற்றம் வந்துவிடும். இத்தகைய படங்களையும் சேர்த்தால்தான் மாதிரி சமநிலை பெறும்.

திரையில் வரும் ‘பாய்’

தமிழ் சினிமாவின் முஸ்லிமை ‘பாய்’ என்று அழைப்பார்கள். பல பழைய படங்களில் அவர் உருது கலந்த கொச்சைத் தமிழ் பேசுவார். பிற்காலப் படங்களில் அவர் நல்ல நண்பனாகவோ பயங்கரவாதியாகவோ வருவார். கிழக்குக் கரையில் இப்படிப் பேசுபவர் யாரும் இல்லை. இங்கு மூத்த ஆணைக் காக்கா என்றோ நானா என்றோ அழைப்பார்கள். தந்தை வாப்பா, தாய் உம்மா. வீட்டில் உருதுக்கு இடமே இல்லை. இலங்கையின் சொந்தத் திரைமரபில் முஸ்லிம் பேச்சுவழக்கு வேறு விதமாக வந்திருக்கிறது. 1976 இல் வெளியான ‘கோமாளிகள்’ படத்தில் எஸ். ராமதாஸ் ஏற்ற மரிக்கார் வேடம் அவ்வளவு பெயர்பெற்றதால், அவர் கடைசிவரை மரிக்கார் ராமதாஸ் என்றே அறியப்பட்டார்.

ஆக, கல்முனைப் பார்வையாளர் இந்தியப் படத்தில் காணும் முஸ்லிம் பெயரில் ஒன்றாயிருந்தாலும் பேச்சில் அந்நியர். அவரைச் சுற்றியுள்ள காஷ்மீர், கோயம்புத்தூர், மும்பை அரசியல் இவருடையதல்ல. ஆனாலும் அந்தப் பிம்பத்தின் விளைவு இவரிடமும் வந்து சேர்கிறது. பக்கத்து ஊர்த் தமிழரும் அதே படத்தைப் பார்க்கிறார். சிங்கள மொழித் துணைவரிகளோடு இன்னொருவரும் பார்க்கக்கூடும். ‘இது நாங்கள் இல்லை’, ‘இது எங்களைத்தான் குறிக்கிறது’ என்ற இரு உணர்வுகளும் ஒரே ஆளின் ஒரே பதிவில் சேர்ந்து நிற்க இதுவே காரணம்.

மூன்று ‘கூடாது’கள்

இந்தக் கரையின் திரைப்பட உரையாடலில் மதம் மூன்று வெவ்வேறு கேள்விகளாக வருகிறது. பார்ப்பது ஆகுமானதா என்பது முதலாவது. எங்களைக் காட்டியது நியாயமா என்பது இரண்டாவது. படம் நன்றாக இருக்கிறதா என்பது மூன்றாவது. மூன்றையும் பிரித்துவைப்பதில்தான் ஆய்வின் வெற்றி தோல்வி தங்கியிருக்கிறது. சிக்கல் என்னவென்றால் மூன்றுக்கும் மக்கள் ஒரே சொல்லைப் பயன்படுத்துவதுண்டு.

விளக்கத்துக்காக அமைக்கப்பட்ட மூன்று வாக்கியங்களைப் பார்க்கலாம்:

‘நோன்பு நேரம் படம் பாக்குற கூடாது காக்கா.’

‘எங்கட சமூகத்த இப்பிடிக் காட்டக் கூடாது.’

‘இந்தப் படத்த தியேட்டர்ல மிஸ் பண்ணக் கூடாது.’

தமிழ் முஸ்லிம்களின் மார்க்கப் பேச்சில் ‘கூடும்’, ‘கூடாது’ என்பவை சட்டச் சொற்கள். பயானிலும் (மார்க்கச் சொற்பொழிவிலும்) கேள்வி-பதில் நிகழ்ச்சியிலும் ‘இது கூடுமா?’ என்று கேட்டால் மார்க்கத்தில் அனுமதி உண்டா என்றே பொருள். முதல் வாக்கியத்தின் ‘கூடாது’ அந்த வகை. அது படத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, பார்ப்பவரின் செயலைப் பற்றிச் சொல்கிறது. இரண்டாவது வாக்கியம் இயக்குநரை நோக்கிய நியாயக் கோரிக்கை. மார்க்கத் தீர்ப்பு அதில் இல்லை. மூன்றாவது இரசிகரின் பரிந்துரை. கணினியில் ‘எதிர்மறை உணர்வு’ என்று தானாகத் தரம்பிரிக்கும் மென்பொருள் மூன்றையும் ஒரே கூடையில் போட்டுவிடும். மூன்றாவது வாக்கியம் ஒரு பாராட்டு என்பதும் அதற்குத் தெரியாது.

மதத்தைக் குறிக்கும் பெயர்ச்சொற்களும் அப்படித்தான். ‘மதம்’ என்ற சொல்லை மட்டும் தேடினால் இந்தக் கரையின் பேச்சில் கணிசமான பகுதி வலைக்கு வெளியே போய்விடும். முஸ்லிம்கள் தங்கள் சமயத்தை ‘மார்க்கம்’ என்கிறார்கள். ‘சமயம்’ பாடசாலைப் பாடத்தின் சொல். ‘எங்கட ஆக்கள்’, ‘எங்கட சமூகம்’ என்பவை மதத்தின் பெயரைச் சொல்லாமலே முஸ்லிம்களைச் சுட்டுகின்றன. அறபுச் சொற்கள் பல எழுத்து வடிவங்களில் வரும். ஒரே சொல்லைத் தமிழ் எழுத்தில் ஒருவர் ஹராம் என்பார், இன்னொருவர் ஹறாம் என்பார், மூன்றாமவர் ஆங்கில எழுத்தில் தட்டுவார். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதும் வழக்கம் இளைஞரிடையே பரவலாக உள்ளதால், தேடல் சொற்பட்டியலில் ஒவ்வொரு சொல்லுக்கும் நான்கைந்து வடிவங்கள் வேண்டும்.

வாய்ப்பாட்டுச் சொற்கள் இன்னும் நுட்பமானவை. ஒரு பாடலின் கீழே ‘மாஷா அல்லாஹ்’ என்றால் வியப்பு. ஒரு நடனக் காட்சியைப் பகிர்ந்த நண்பனின் பதிவில் ‘அஸ்தஃபிருல்லாஹ்’ என்றால் உண்மையான பாவமன்னிப்பு வேண்டுதலாகவும் இருக்கலாம், நண்பனைச் சீண்டும் நகைச்சுவையாகவும் இருக்கலாம். சிரிப்பு முகம் ஒன்று பக்கத்தில் இருக்கிறதா, எழுதியவரும் பதில் சொன்னவரும் ஒருவரையொருவர் அறிந்தவரா என்பதைப் பார்க்காமல் பொருள் சொல்ல முடியாது.

ஆய்வு மரபும் முறையும்

பார்வையாளர் ஒரு படைப்பைத் தத்தம் நிலையிலிருந்து ஏற்கவும் பேரம்பேசவும் எதிர்க்கவும் செய்கிறார் என்ற கருத்தை ஸ்டுவர்ட் ஹோல் 1973 இல் முன்வைத்தார். அமெரிக்கத் தொடரான ‘டலஸ்’ பற்றி இயன் ஆங் நெதர்லாந்துப் பெண்கள் இதழொன்றில் விளம்பரம் கொடுத்து, வந்த 42 கடிதங்களைக் கொண்டு 1980களில் தம் நூலை எழுதினார். டமர் லீபஸும் எலிஹு கட்ஸும் அதே தொடரை அறபுக் குடும்பங்கள், மொரோக்கோ யூதர், ரஷ்யக் குடியேறிகள் எனப் பல குழுக்கள் எப்படிப் பார்த்தன என்று ஒப்பிட்டு 1990 இல் நூல் வெளியிட்டார்கள். வேறொரு நாட்டின் படைப்பை ஒருவர் தன் பண்பாட்டுக் கண்ணால் படிப்பதைக் காட்டும் அந்த ஆய்வு, தமிழ்நாட்டுப் படம் பார்க்கும் கல்முனைக்கு மிகப் பொருத்தமான முன்னுதாரணம்.

இணையத்துக்கு வந்தபின் ரொபர்ட் கொஸினெட்ஸ் இணைய இனவரைவியல் முறையை வகுத்தார். இஸ்லாத்துக்கு எதிராக நெதர்லாந்து அரசியல்வாதி கேர்ட் வில்டர்ஸ் 2008 இல் வெளியிட்ட ‘ஃபித்னா’ குறும்படத்துக்கு யூடியூபில் வந்த காணொளிப் பதில்களை லீஸ்பெத் வான் ஸூனனும் சக ஆய்வாளர்களும் ஆராய்ந்தார்கள். பதில்கள் ஏராளம், ஆனால் ஒருவர் மற்றவரை நோக்கி உரையாடியது குறைவு என்று அவர்கள் கண்டார்கள். ஒரே பக்கத்தில் பலர் எழுதுவது உரையாடலுக்குச் சான்றாகாது என்பதை அது நினைவூட்டுகிறது.

கல்முனைக் களத்துக்கு உகந்த முறையைப் படிப்படியாகச் சொல்லலாம். முதலில் படங்களின் தேர்வு. ஆட்சேபத்துக்குள்ளான படங்கள், முஸ்லிம் நாயகனைக் கொண்ட படங்கள், மதமே இல்லாத வெகுசனப் படங்கள் மூன்றும் வேண்டும். இசையும் நடனமும் கூடுமா என்ற கேள்வி முஸ்லிம் பாத்திரமே இல்லாத படத்திலும் எழும் என்பதால் மூன்றாவது வகையைத் தவிர்க்க இயலாது. இரண்டாவது, சேகரிப்பு. யூடியூப் பின்னூட்டங்கள் ஒப்பீட்டளவில் எளிதில் கிடைக்கின்றன. பேஸ்புக் பொதுப் பதிவுகளைத் தேட ஆய்வாளர்கள் நம்பியிருந்த க்ரவுட்டாங்கிள் கருவியை அந்நிறுவனம் 2024 ஆகஸ்ட்டில் மூடிவிட்டது. டுவிட்டரின் இலவசத் தரவு வழி 2023 இல் அடைபட்டது. கிடைப்பதை மட்டும் ஆராய்ந்தால் யூடியூப் எழுத்தாளரே சமூகம் என்றாகிவிடும்.

மூன்றாவது, எழுதியவர் எந்த ஊர் என்பதைத் தீர்மானிப்பது. பெயரை வைத்து மதத்தையும் நாட்டையும் ஊகிப்பது பிழைக்கு வழி. ‘எங்கட’, ‘ஆக்கள்’ போன்ற இலங்கை வழக்குகள் துப்புத் தரும். ஆனால் புலம்பெயர்ந்தோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். தோஹாவில் வேலைபார்க்கும் நிந்தவூர்க்காரரும் இந்தக் கரைக்குரியவர்தான். உறுதியில்லாதவற்றை ‘இடம் தெரியாதவை’ என்று தனியே வைப்பது நேர்மையான வழி.

நான்காவது, குறியிடல். ஒவ்வொரு பதிவுக்கும் நான்கு கேள்விகள் போதும். பேசப்படும் பொருள் எது: படமா, பாத்திரமா, இயக்குநரா, நடிகரா, பார்ப்பவரா? ஆதாரம் எது: குர்ஆன், ஹதீஸா, சொந்த அனுபவமா, அரசியலா, நடிகர்மீதான விசுவாசமா? முன்னிலை யார்: தன் சமூகத்தவரா, பிறரா, படக்குழுவா? முன்பு சொன்ன மூன்று கேள்விகளில் எது? இருவர் தனித்தனியே குறியிட்டு, எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்பதை கோஹனின் காப்பா முதலிய அளவையால் கணிக்க வேண்டும். அவர்களில் ஒருவராவது இந்த ஊர்களில் வளர்ந்தவராக இருக்க வேண்டும். இருவரும் முரண்படும் பதிவுகளைத் தூக்கி எறியாமல் தனியே விவாதிக்க வேண்டும். மேலே கண்ட ‘அஸ்தஃபிருல்லாஹ்’ போன்றவை பெரும்பாலும் அந்தக் குவியலில்தான் இருக்கும்.

எழுதப்படாதது

இந்தக் கரையில் பொது இணையத்தில் எழுதப்படுவதைவிட எழுதப்படாதது அதிகம் என்று கருத வலுவான காரணங்கள் உண்டு. 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் நடந்தது முதல் காரணம். கறியில் கிடந்த ஒரு மாவுக்கட்டியைக் காட்டி, மலட்டு மருந்து கலந்தீர்களா என்று ஒரு கூட்டம் சிங்களத்தில் கேட்டது. சிங்களம் சரியாகத் தெரியாத காசாளர் அச்சத்தில் தடுமாறிச் சொன்ன பதிலை ஒப்புதல் வாக்குமூலமாகக் காட்டும் கைபேசிக் காணொளி பரவியது. உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது மாவுதான் என்று அரச இரசாயனப் பகுப்பாய்வு பிற்பாடு சொன்னது. சில நாட்களில் கண்டி திகன வன்முறை வெடித்தது. மார்ச் 7 முதல் ஏறத்தாழ ஒரு வாரம் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. அந்த வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக பேஸ்புக் 2020 இல் வருத்தம் தெரிவித்தது.

2019 ஏப்ரல் 21 அன்று உயிர்த்த ஞாயிறு தாக்குதல். அதன் சூத்திரதாரி தமிழில் ஆற்றிய உரைகள் பேஸ்புக்கிலும் யூடியூபிலும் பரவியிருந்தன. ஏப்ரல் 26 அன்று சாய்ந்தமருதுவில் ஒரு வீட்டில் நடந்த மோதலிலும் வெடிப்பிலும் குழந்தைகள் உட்படப் பலர் இறந்தார்கள். அதன்பின் தமிழில் மார்க்கம் பேசும் எந்தக் காணொளியும், எந்தப் பகிர்வும் சந்தேகத்துக்குரியதாயிற்று. மே மாதம் சிலாபத்தில் ஒரு முஸ்லிம் வர்த்தகர், அதிகம் சிரிக்க வேண்டாம், ஒருநாள் அழுவீர்கள் என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு வரி மிரட்டலாகப் படிக்கப்பட்டது. அவர் தாக்கப்பட்டுக் கைதானார், ஊரில் வன்முறை மூண்டது. திரைப்படத்தோடு இவற்றுக்கு நேர்த்தொடர்பு இல்லை. ஆனால் ஒரு படத்தைப் பற்றி ஒரு வரி எழுதப் போகும் இளைஞரின் விரல் இவற்றை மறப்பதில்லை.

சட்டமும் அந்த எச்சரிக்கையை வளர்க்கிறது. 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கக் குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கைச் (ஐ.சி.சி.பி.ஆர்.) சட்டம் மதப் பகைமையைத் தூண்டுவதைத் தடைசெய்கிறது. எழுத்தாளர்கள்மீதும் பேஸ்புக் பதிவர்கள்மீதும் அது பாய்ந்திருக்கிறது. கவிஞர் அஹ்னாஃப் ஜஸீம் தம் தமிழ்க் கவிதைத் தொகுப்புக்காக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதாகி, 2023 இறுதியில்தான் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். 2024 இல் நடைமுறைக்கு வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம், மத உணர்வைப் புண்படுத்தும் பொய்க் கூற்றுகளையும் குற்றமாக்குகிறது.

விளைவாக, பேச்சு மூடிய அறைகளுக்கு நகர்கிறது. பாடசாலை நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவிலும், வளைகுடாவில் உள்ள சகோதரனோடு வாட்ஸ்அப்பில் பரிமாறும் குரல் குறிப்பிலும், பெண்கள் மட்டும் உள்ள குழுவிலும் அது நடக்கிறது. படம் பார்த்ததையே வெளியே சொல்ல விரும்பாத பெண் பார்வையாளர், பொதுப் பின்னூட்டங்களைக் கொண்டு மட்டும் நடத்தும் ஆய்வில் தென்படவே மாட்டார். ஆகவே நேர்காணலும் சிறு குழுக் கலந்துரையாடலும் எண்ணும் முறைக்குத் துணையாகத் தேவை. பெண்களோடு பேசப் பெண் ஆய்வாளர் தேவை.

ஒழுக்கநெறி

இணைய ஆய்வாளர் சங்கம் 2002 இல் தன் முதல் ஒழுக்கநெறி வழிகாட்டலை வெளியிட்டது. அதன் மூன்றாம் பதிப்பு 2019 இல் வந்தது. பொதுவெளியில் கிடைப்பது என்பதாலேயே எல்லாவற்றையும் மேற்கோளாக எடுக்கலாம் என்று கொள்ளக் கூடாது என்பதும், எழுதியவர் எந்தச் சூழலை மனத்தில் கொண்டு எழுதினார் என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதும் இத்துறையில் ஏற்கப்பட்ட நிலைப்பாடுகள். இலங்கையின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத நம்பிக்கையைச் சிறப்புப் பாதுகாப்புக்குரிய தரவாகக் கருதுகிறது.

கல்முனை போன்ற ஊரில் இதற்குக் கூடுதல் கனம் உண்டு. ஒரு தமிழ் வாக்கியத்தைச் சொல் மாறாமல் அச்சிட்டால், தேடுபொறியில் போட்டு எழுதியவரைச் சில நொடிகளில் கண்டுபிடித்துவிடலாம். ஊரின் பெயரும் தெரிந்தால் தெருவும் குடும்பமும் தெரிந்துவிடும். பள்ளிவாசல் நிர்வாகமோ, உறவினரோ, பொலிஸாரோ கேள்வி கேட்கும் நிலை வரலாம். அதனால் பதிவுகளைப் பொருள் மாறாமல் வேறு சொற்களில் எழுதுவது, பல பதிவுகளின் இயல்பைச் சேர்த்து ஒரு மாதிரி வாக்கியம் அமைத்து அதை அவ்வாறே அறிவிப்பது, ஊர்ப்பெயரைப் பொதுமைப்படுத்துவது ஆகியவை இங்கு கட்டாயம். மூடிய குழுக்களுக்குள் தன்னை மறைத்துக்கொண்டு நுழைவது எந்நிலையிலும் ஏற்கத்தக்கதன்று.

எவ்வளவு சொல்லலாம்

இத்தகைய ஆய்வு உறுதியாகச் சொல்லக்கூடியது, ஒரு குறிப்பிட்ட தளத்தில், குறிப்பிட்ட நாட்களில், எழுதத் துணிந்தவர்கள் எந்தக் கேள்வியை எந்தச் சொற்களில் எழுப்பினார்கள் என்பதையே. ‘கிழக்கு முஸ்லிம்கள் இந்தப் படத்தை இப்படி நினைக்கிறார்கள்’ என்ற முடிவை அது தாங்காது. காலவரிசை, வட்டாரச் சொல்வழக்கு, உள்ளூர் வரலாறு, எழுதாதோரின் நேர்காணல் நான்கையும் சேர்த்த பிறகு, ஒரே ஊரில் மார்க்கத் தீர்ப்பும் நியாயக் கோரிக்கையும் இரசனையும் எங்கெங்கே பிரிகின்றன, எங்கே ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன என்பது வரை சொல்லலாம். படத்தைக் ‘கூடாது’ என்று எழுதியவர் தொழுகைக்குப் பின் அதே படத்தின் பாடலை முணுமுணுப்பவராக இருக்கலாம். எண்ணும் முறையில் அவர் ஒரு பதிவு மட்டுமே. நேர்காணலில் அவர் இரண்டையும் விளக்குவார்.